வாசலோரச் சிலிண்டர்

மார்ச் 3

நாற்பது ஆண்டு நூலகராக இருந்தவனுக்கு எண் போடாமல் எழுத வராது. மாப்பிள்ளையின் கடையைப் பற்றி இந்த மாதம் எழுத நினைப்பவை:

1. எது எங்கே இருக்கிறது என்று கடையில் ஒருவருக்கும் தெரியாதது.
2. அதைச் சொல்ல எனக்கு வாய் வராதது.
3. பொருளைச் சரியான இடத்தில் வைத்தால் போதும், அதுவே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும் என்பது.
4. இப்படியே போனால் என்ன ஆகும் என்பது.

நான்காவதை எழுதக் கை தயங்குகிறது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கொடுக்கும் கடை அது. நிறைந்ததும் காலியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மார்ச் 4

"எந்த வீட்டுக்கு எது போச்சுன்னு எழுதி வெச்சா என்னங்க?" என்று மகள் மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"எல்லாம் என் தலையில இருக்கு."

"உங்க தலையில ஹெல்மெட்டே பாதி நாள் இருக்கறதில்ல."

வண்டி ஓட்டுபவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேகத்துக்காக அவரை எல்லோரும் 'தந்தி' என்பார்கள். நானும் சிரித்தேன். அப்போதே நானும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 5

மதியம் கடையில் நான் மட்டும். வாசலோரம் வெயிலில் ஒரு சிலிண்டர். மீட்டரை மாட்டிப் பார்த்தேன், முள் முழுதாக ஏறியது. நிறைந்ததை வெயிலில் வைக்கலாமா? மெல்ல உருட்டி உள்ளே நிழலில் சேர்த்தேன். வெயில் பட்டாலும் பாதகமில்லையென்று, உள்ளே இருந்த காலி ஒன்றை வாசலில் நிறுத்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது, அதோடு விட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "உங்களுக்கு ஏன் மாமா இந்த வேலை" என்பார். பார்த்தால் புரிந்துகொள்வார்.

மார்ச் 6

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 9

சிலிண்டர் நிரப்பும் ஆலையிலிருந்து போன். நான்தான் எடுத்தேன்.

"என்ன பெரியவரே, நெறஞ்ச சிலிண்டரையே நிரப்ப அனுப்பியிருக்கீங்க? உங்க கடையில காத்து மிச்சமா?"

மாப்பிள்ளையிடம் சொன்னேன். காலி எது, நிறைந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றும் கேட்டேன்.

"வாசல்ல இருந்தா நெறஞ்சது, உள்ள இருந்தா காலி. கடை தொறந்த நாள்லேந்து அப்படித்தானே மாமா?"

அங்கேயும் ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. நிறைந்தது ஆலைக்குப் போனதென்றால், காலி யாரோ ஒருவர் கட்டிலருகே நிற்கிறது — இருப்பது தீர்ந்தால் மாட்டுவதற்கு.

"தந்தி! எந்த வீட்ல எறக்கின?"

"எல்லா வீட்லயுந்தான் எறக்கினேன். எதை எங்கன்னு எப்படிண்ணே சொல்வேன்?"

"கண்ண எங்க வெச்சு எடுத்த?"

"சத்தியமா வாசல்லேந்துதாண்ணே எடுத்தேன்."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, மாலை

நாங்கள் போன் செய்து கேட்ட வீட்டுக்காரர்களெல்லாம் மீட்டரைப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் போனை எடுக்கவில்லை. அக்காவும் தங்கையுமாக இருவரே இருக்கும் வீடு. முகவரி மாப்பிள்ளையின் தலையில். "பச்சை கேட்டு" என்கிறார். தந்தி "நீல கேட்டு" என்கிறார். இருட்டும்வரை சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மார்ச் 10

காலையில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கேட் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம்: "விடியக்காலைல அக்காவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பழசு தீந்துபோச்சு, மாட்டின புதுசுல காத்தே வரலையாம். தங்கச்சி திருகித் திருகிப் பாத்திருக்கு, பாவம்."

மார்ச் 11

உயிர் இருக்கிறது. கண் திறந்திருக்கிறதாம். தங்கையை அடையாளம் தெரியவில்லையாம்.

மாப்பிள்ளை தந்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சாவியை மேசைமேல் வைக்கும்போதும் அந்த மனிதர், "வாசல்லேந்துதாண்ணே எடுத்தேன்" என்றார். நான் உள்ளறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

மார்ச் 13

சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மாப்பிள்ளை கத்தவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. நான் என்ன புலியா, கரடியா?"

மகள் போய்த் தந்தியை அழைத்து வந்தாள். நான் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு நாளா என் வீட்டுக்காரி என்னக் கொலகாரனப் பாக்கற மாதிரி பாத்தா பெரியவரே."

மாப்பிள்ளை சாவியை நீட்டினார். தந்தி வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மார்ச் 17

கடை திறக்கவில்லை. விஷயம் பரவிவிட்டது. மற்ற வீட்டுக்காரர்கள் தாங்களே சிலிண்டர்களைக் கொண்டுவந்து, மூடிய ஷட்டர் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். எது காலி, எது நிறைந்தது — யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. பொருள் எதையும் சொல்லாது. சொல்ல வேண்டியவன் நான்.