வெறுங்கைக்கு இரண்டு புள்ளி

பாளையங்கோட்டை,
4.6.1995

அன்புள்ள பிருந்தா,

கல்யாணமாகி மெட்ராஸ் போனதிலிருந்து உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. கடிதத்தில் ஆடும் நம் கதை ஆட்டத்தையாவது விடாதே. கல்லூரியில் ஆடியது போலவேதான்: உன் வீராங்கனை செண்பகம் என்ன செய்கிறாள் என்று நீ எழுது. எதிரிகள் செய்வதை நான் எழுதுகிறேன், பகடையும் நானே உருட்டுகிறேன்.

சண்டை விதிகளைத் திருத்தியிருக்கிறேன். வாள் வெட்டு ஒன்றுக்கு எட்டுப் புள்ளி வரை உயிர் குறையும். வெறுங்கை அடிக்கு இரண்டுதான், அதுவும் விடிந்தால் திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் வாளைச் சுமந்து திரிவதில் யாருக்கு என்ன லாபம்? சித்தப்பா அனுப்பிய அமெரிக்க ஆட்டப் புத்தகத்திலும் ஏறக்குறைய இதுதான்.

இங்கே ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நூலகத்தில் கேட்ட புத்தகம் இன்னும் வரவில்லை.

உன்,
மது

மெட்ராஸ்,
19.6.1995

பிரியமுள்ள மதுவுக்கு,

நலம். இவருக்கு வேலை அதிகம். 

ஆட்டத்தாள்: எனக்கு வரும் கடிதத்தையும் நான் எழுதுவதையும் இவர் படித்துப் பார்ப்பார். எண் போட்ட ஆட்டத்தாளை மட்டும் கிறுக்குத்தனம் என்று சிரித்துத் தள்ளிவிடுவார். அதனால் மற்றது எல்லாம் இந்தத் தாளில்.

செண்பகம் கோட்டைத் தளபதியின் வீட்டில் தங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை தளபதி வெறுங்கையால் அடித்தான், இரண்டு புள்ளி. வியாழக்கிழமை மறுபடியும் இரண்டு. உன் விதிப்படி விடிந்ததும் உயிர்ப் புள்ளி பதினான்கும் முழுதாக இருக்க வேண்டும். பத்துதான் இருக்கிறது. விதியை மாற்று, மது.

பிருந்தா

பாளையங்கோட்டை,
30.6.1995

அன்புள்ள பிருந்தா,

ஏட்டி, ஆட்டத்தையே மறந்துவிட்டாயா? எதிரியின் நகர்வை நீ எழுதக் கூடாது, அது என் வேலை. இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. அந்தத் தளபதியை நான் படைக்கவே இல்லையே.

விதியையும் மாற்ற முடியாது. கையடி சேர்ந்துகொண்டே போனால் ஏழே அடியில் செண்பகம் செத்துப்போவாள், யாரும் ஆயுதத்தைத் தொடாமலே. அப்படி ஓர் ஆட்டத்தை யார் ஆடுவார்கள்?

உன் அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீ இளைத்துவிட்டாய் என்றார்கள்.

மது

மெட்ராஸ்,
11.7.1995

மதுவுக்கு,

எல்லோரும் சுகம்.

ஆட்டத்தாள்: எதிரியின் நகர்வை நான் எழுதவில்லை. நடந்ததை எழுதினேன். இன்னும் மூன்று முறை. பதினான்கில் நான்கு மீதி.

தளபதியின் அம்மாவிடம் செண்பகம் சொல்லிப் பார்த்தாள். "கையாலதான அடிச்சான், கம்பா எடுத்தான்? விடிஞ்சா சரியாயிரும்" என்றாள். உன் விதியை அவளும் படித்திருப்பாள் போல.

வெள்ளிக்கிழமையிலிருந்து இடது காது கேட்கவில்லை. அதற்கு உன் அட்டவணையில் எண் இல்லை.

பி.

பாளையங்கோட்டை,
15.7.1995

அன்புள்ள பிருந்தா,

இங்கே எல்லோரும் நலம். இன்று ஆட்டத்தாள் மட்டும்தான்.

ஆட்டத்தாள்: விதியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். வாழ்நாளில் ஓர் அடிகூட வாங்காதவள் உட்கார்ந்து எழுதிய விதி அது. நீ இரண்டு முறை சொல்லியும் நான் கணக்குத்தான் பார்த்தேன். மன்னிப்பை நேரில் கேட்கிறேன்.

செண்பகத்தின் அம்மாவிடம் போய் உன் இரண்டு தாள்களையும் வாசித்துக் காட்டினேன். முதலில், "கைய வச்சதுக்கெல்லாம் கிளம்பி வந்துட்டா எந்தப் பொம்பளட்டி புருஷன் வீட்ல இருப்பா?" என்றாள். காதைப் பற்றிய வரியை மறுபடி வாசித்தேன். அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் மாடி அறையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

வரும் வியாழக்கிழமை, தளபதி வேலைக்குப் போன பிறகு, பதினோரு மணிக்கு, செண்பகத்தின் அம்மாவும் தோழியும் கோட்டை வாசலில் நிற்பார்கள். தோழி இதுவரை ஆண் துணையில்லாமல் ரயிலேறியதில்லை, எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை. அவர்கள் கையிலும் ஆயுதம் இருக்காது. தளபதியின் அம்மா வாசலில் நின்று கத்தினால் கத்தட்டும். செண்பகம் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், செருப்பைப் போட்டுக்கொண்டால் போதும்.

கதவைத் திறந்து வெளியே வர பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று கேட்பாய். விதிப் புத்தகத்தில் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன்: இதற்குப் பகடை உருட்ட வேண்டாம்.

மது