படத்தின் அடியில் உன் நிழல்

நீ எடுத்த படத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகப் பொறியாளர் நேற்று மாலை என்னிடம் நேரில் சொன்னார். கோப்பில் அது ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் அந்த ஆலையின் புகை, அளவை மீறியதாகக் 'கருத இடமிருக்கிறது' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரிச் சொற்களை நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

உன் டிஜிட்டல் கேமராவை உன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். அதன் வாரை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் கரி வாசம் அடிக்கிறது.

ஆலைக்குப் பின்தெருவில் உன் வீடு. உன் மகளுக்கு மூச்சிழுப்பு. சித்திரை வெயிலிலும் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் அவள் பரீட்சைக்குப் படித்தாள். "அவ ஜன்னலத் தொறந்து வச்சுப் படிக்கணும் மாப்ள, அம்புட்டுத்தேன்" என்றாய். அந்தப் புகைபோக்கியை நீ விடாமல் துரத்தியதற்குக் காரணம் அதுதான்.

முதல் படத்தைச் சாயங்காலத்தில், சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தாய். பத்திரிகைப் படக்காரர்களின் பழக்கம் அது. எதிர்வெளிச்சத்தில் புகை மிரட்டும். நம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. மறுநாளே ஆலை மேலாளர் நம் அலுவலகத்துக்கு வந்து சிரித்தார்: "சூரியனப் பாத்து எடுத்தா ஊதுபத்திப் புகைகூடக் கருப்பாத்தேன் தெரியும், சார்." ஆலைத் தரப்பில் எடுத்த படத்தையும் மேசையில் வைத்தார். அதில் புகையே இல்லை.

அவர் போன பிறகு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "மாப்ள, மலை எங்க இருக்கு பாரு." தொலைவில், மெயின் ரோட்டில் நின்று எடுத்திருந்தார்கள். புகைபோக்கியின் வாய்க்குப் பின்னால் நாகமலையின் கரும்பாறை. கருப்பு கருப்பில் கரைந்திருந்தது. அங்கே நிற்கவேண்டும் என்று யோசித்துத்தான் நின்றிருப்பார்கள். தற்செயல் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு படங்களும் உதவாது என்றார் பொறியாளர். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். புகைக்குப் பின்னால் வெறும் வானம்தான் இருக்கவேண்டும். அப்போதுதான் வானத்தைப் புகை எவ்வளவு மறைக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட முடியுமாம். நீ மறுநாள் காலையிலேயே ஆலைச் சுவர்ப் பக்கம் போய்விட்டாய். கிட்டே போகப் போக மலை தாழ்ந்து, புகைபோக்கி வானத்தில் ஏறியது.

அங்கே நீ எடுத்த படத்தைப் பார்த்த துணை ஆசிரியர் விடவில்லை. "என்னண்ணே, அடியில ஒங்க நெழலும் விழுந்திருக்கு? கல்யாண ஆல்பமா?"

"ஆமாய்யா, மாப்பிள்ளை நாந்தேன்."

படம் மங்கல், நிழல் வேறு என்று அவர் அதைப் போடவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னாய்: "வேணும்னுதேன் நெழல விட்டேன். நெழல் முன்னால விழுந்தா சூரியன் பின்னால இருக்குன்னு அர்த்தம். எவனும் மாத்திப் பேச முடியாது."

அதைப் பொறியாளரிடம் கொடுத்தோம். பதில் வருமுன் நீ போய்விட்டாய். இதயம் என்றார் டாக்டர். புகையும் சேர்ந்துதானா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதனால் அதை நான் செய்தியில் எழுதவில்லை.

நேற்று பொறியாளர் உன் நிழலின் மேல் விரல் வைத்தார். "மத்த படத்துல எங்க நின்னு எடுத்தாங்கன்னு கேக்கணும். இதுல கேக்க வேண்டியதே இல்ல, சார்."

அலுவலகத்தாரே வந்து புகையை அளந்தால்தான் ஆணை போட முடியுமாம். வரும் நாள் ஆலைக்குத் தெரியாது என்கிறார். ஆனால் இன்று காலை புகைபோக்கி கழுவிவிட்டதுபோல் இருந்தது. இத்தனை நாள் இல்லாத சுத்தம். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தச் சுத்தத்தை உன் மகளும் நம்பவில்லை போலும், ஜன்னல் அடைத்தே இருந்தது.

நீ நின்ற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன். என் நிழல் விழுந்தது, நான் ஒதுங்கவில்லை. நாளையும் போவேன்.

அளவு இன்னும் எடுக்கப்படவில்லை. இந்த மாத முடிவுக்குள் எடுப்பதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார்.