மை வைத்த கண்

திண்ணனூர் நாடு
பிப்ரவரி 2001

அக்காவுக்கு,

சேலத்து டாக்டர் என் வித்யாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தது. ஈரல் கெட்டிருக்கிறதாம். சொந்தத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லையென்று உறுதியாகச் சொன்னேன்.

திரும்பும்போது சேந்தமங்கலத்தில் உன் மகன் தனபால்தான் சொன்னான்:

"எனக்கும் போன வருசம் இந்த லைட்டுதான் அடிச்சாங்க, சின்னம்மா. உங்க ஊட்டுப் பிள்ளைகளையும் பாக்கோணும்னாரு டாக்டரு. சுகுணாக்கா கல்யாணம் முடியட்டும், வாயத் தொறக்காத சாமின்னு அம்மாதான் சொல்லுச்சு."

போன வருடமே பார்த்திருந்தால் மாத்திரையிலேயே நின்றிருக்குமாம். இப்போது டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது வித்யாவை மடியில் கிடத்திக் கண்ணுக்கு மை வைத்தாய். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே எப்படி அக்கா வைத்தாய்?

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதற்கு முன் உன் மகள் சுகுணாவின் கண்ணையாவது டாக்டரிடம் காட்டிவிடு.

உன் தங்கை