ஆறு என்று வந்த முடிவு

மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

நலம் கேட்க எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. நாம் பிரிந்து மூன்று வருஷம் கழித்து, லேபில் என் மேசைக்கு வந்த ஒரு ரத்த டியூபில் உன் பெயரைப் பார்த்தேன். உனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது.

தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பிகள் உண்டு. கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். அவற்றின் ஹார்மோன் பதினைந்துக்கு மேல் இருக்க வேண்டும், உனக்கு ஆறு. ஆபரேஷனில் அவை அடிபட்டிருக்க வேண்டும். இன்று கால்சியம் சரியாகவே காட்டும். இரண்டு மூன்று நாளில் இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டு வீட்டுக்குப் போகாதே.

பாப்பா அப்பா


மார்ச் 5

பாப்பா அப்பாவுக்கு,

டாக்டரும் இருக்கத்தான் சொல்கிறார். பாப்பாவுக்குப் பரீட்சை. என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

அந்த வீட்டில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, "டெஸ்ட் எடுத்தியா?" என்றுதான் கேட்பீர்கள். ஒருநாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இப்போதும் எண்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

பாப்பா அம்மா


மார்ச் 5, மதியம்

பாப்பா அம்மாவுக்கு,

நீ சொன்னது உண்மை.

டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையை வேளை தவறாமல் போடு. உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, விரல்கள் இழுத்துக்கொண்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. இந்தக் கடிதத்தைப் பாப்பாவிடமும் காட்டு.

பாப்பா அப்பா


மார்ச் 8

பாப்பா அப்பாவுக்கு,

என் ரத்தம் மறுபடி உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதில் தெரியாததைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு கையிலேயே இறுகிவிட்டது. விரலைப் பிரிக்க முடியவில்லை. வாய் கோணியது. "அம்மா, அப்பா எழுதின மாதிரியே ஆகுதும்மா!" என்று அலறி, அவள்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். ஊசி வழியாகக் கால்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பே வந்திருக்கும் என்றார் டாக்டர். பாப்பா பரீட்சை எழுதவில்லை, பரவாயில்லை.

சேர்க்கும்போது நர்ஸ், "யாருக்கும்மா தகவல் சொல்லணும்?" என்று கேட்டார். உங்கள் நம்பரைச் சொன்னேன். என்ன உறவு என்றார். கணவர் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

நேற்று வார்டு வாசல்வரை வந்து திரும்பிவிட்டீர்களாம். பாப்பா பார்த்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம், எனக்குத் தெம்பில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. நாலு மணிக்கு வந்து சும்மா உட்காருங்கள்.

பாப்பா அம்மா