சுழி வரை எழுதிய பட்டியல்

தல்லாகுளம்,
சுபானு வருடம் ஆவணி 29, செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள ஜெயக்கொடிக்கு விருமாண்டி எழுதுவது.

நீயும் குழந்தை தங்கப்பொண்ணும் சுகமாக இருக்க அழகர் துணை இருக்கட்டும். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இதை நீயே எழுத்துக்கூட்டிப் படி, யாரிடமும் கொடுக்காதே. தபாலை நம்பாமல் கரியில் ஓடும் பஸ்ஸை ஓட்டும் சோணை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலையில் உன் கைக்கு வந்துவிடும்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? கோரிப்பாளையத்தில் வாங்கிய மருந்து இதோடு வருகிறது. வெறும் வயிற்றில் கொடுக்காதே.

மாசியில் வெக்கை நோய் வந்து நம் ஊரில் மாடுகள் செத்துக்கொண்டிருந்தபோது, ஊசி போட டாக்டர் வருவார், பட்டியல் வேண்டும் என்று எங்கள் ஆபீசில் கேட்டார்கள். சர்க்கார் ஆள் கேட்டால் நம் ஜனம் மாட்டுக் கணக்கைச் சொல்லாது. நாலு இருந்தால் இரண்டு என்று சொல்லி, மிச்சத்தை ஓடைப் பக்கம் ஓட்டிவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வீடு வீடாக ஏறி இறங்கினேன். முனியாயி அக்கா, "சர்க்காருக்காகச் சொல்லல தம்பி, நீ கேக்குறேன்னுதேன் சொல்றேன்" என்று சொல்லித் தன் ஒரே சோடி எருதுகளைக் காட்டியது. மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரட்டும் என்று முதல் வரியில் நம் காளை காரியைப் போட்டேன். நிறம், பல், கொம்பு, உடம்பில் மயிர்ச்சுழி, எந்தத் தொழுவம், எல்லாம் எழுதினேன். ஆசையோடு எழுதினேன், ஜெயக்கொடி. பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி ஒவ்வொன்றையும் வர்ணித்து வைத்தேன்.

இந்த ஜில்லாவில் இப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதியதில்லை என்றார் துரை. வைகாசியில் என்னைத் தலைமைக் குமாஸ்தா ஆக்கியது அதற்காகத்தான். நீ பொங்கல் வைத்தாய், நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஊசி போட மட்டும் யாரும் வரவில்லை. கேட்டதற்கு மருந்து இல்லை என்றார்கள். பதவி வந்த சந்தோஷத்தில் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்தப் பட்டியலை வெளியே எடுத்தார்கள். பட்டாளத்துக்கு மாடு வேண்டுமாம். திடமானவை வண்டிக்கு, மற்றவை கறிக்கு. முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நம் ஊர். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கிறார்கள். காரிக்கு வண்டி. முனியாயி அக்காவின் இரண்டுக்கும் கறி.

துரையிடம் போய், இது ஊசிக்கு எழுதியது என்று கெஞ்சினேன். இன்னொரு தரம் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார். ராஜிநாமாவை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். சம்பளம் நின்றால் நம் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அடுப்பு எரியாது என்பது ஒரு பக்கம். நான் பயந்தாங்கொள்ளி என்பது இன்னொரு பக்கம். போன தடவை வந்தபோது நீ, "ஒங்களுக்கு மாடா மேசையா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்டாய். நான் சிரித்தேன். ஆறு நாள் ஆபீஸ், ஒரு நாள் தொழுவம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊர் மாடுகள் அத்தனையும் மலையடிவாரத்துக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லு. என் புருஷன்தான் எழுதிக் கொடுத்தான் என்று சொல்லு. முனியாயி அக்கா மண்ணை வாரித் தூற்றினாலும் பதில் பேசாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத் தைரியம் இல்லாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். வெள்ளிக்கிழமை அவர்களோடு நானும் வருகிறேன். ஒவ்வொரு மாட்டையும் அடையாளம் காட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. தொழுவங்கள் காலியாக இருந்தால் மாடுகளைக் குரல் கொடுத்துக் கூப்பிடச் சொல்வார்கள். துரை பக்கத்தில் நிற்கும்போது மாட்டேன் என்று சொல்வேனா? என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. கூப்பிட்டுவிடுவேன், ஜெயக்கொடி. என் குரலுக்கு மற்ற மாடுகள் வராது. காரி வரும். எந்தக் கயிற்றில் கட்டினாலும் அறுத்துக்கொண்டு வரும். அது வந்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்துவிடும்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். காரியை மட்டும் அடிவாரத்தோடு நிறுத்தாதே. கணவாயைத் தாண்டிக் கொண்டு போ. நான் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அதன் காதில் விழாத இடத்தில் கொண்டுபோய்க் கட்டு. நீ நன்றாக இருப்பாய்.

உன்
விருமாண்டி