கேட்டு வாங்கிய பதவி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். இருமல் குறைந்துவிட்டது. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன தாளைப் பார்த்து மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். அங்கே நம் புது வீட்டுக்கு வெள்ளையடித்து முடிந்ததா? கடல்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்கின்றன என்றாயே, பெயின்ட் அடிப்பவர் வந்தாரா?

சுற்றுலா வாரியத் தலைவராக என்னையே இன்னும் மூன்று வருஷத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்று முந்தாநாள் தொலைபேசியில் சொன்னேன். "அமைச்சர் விடவே மாட்டேன்னுட்டார், நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். நீ "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சொன்னது பொய். அமைச்சர் என்னைக் கேட்கவில்லை. நான்தான் அவரைக் கேட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதவிக்காலம் முடிந்து, உன்னிடம் வந்து சேர்வதற்காகச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்த சமயம் அது. ஒன்பது நாள் தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பத்தாம் நாள் ரொட்டி வாங்கப் போனேன். கல்லாவில் இருந்தவர், "பெருசு, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஆளுங்க வர்றாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஐந்து நாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்தபோது எனக்குக் கதவு திறந்துவிட ஆள் இருந்தது. அன்று ரொட்டியும் கையுமாக ஓரத்தில் நின்றபோது, இனிமேல் நான் 'ஆளுங்க'ளில் சேர்த்தி இல்லை என்று பட்டது. சிரிக்காதே. சரி, சிரி.

அன்று மத்தியானமே பழைய அலுவலகத்துக்குப் போய் அமைச்சருக்கு மனு எழுதினேன். கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கழிப்பறை கட்டும் வேலை பாதியில் நிற்கிறது, படகுக்காரர்களுக்கு உரிமம் கொடுத்து முடியவில்லை, அதையெல்லாம் முடித்துவைக்க என்னையே மறுபடி நியமிக்க வேண்டும் என்று. எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் அதற்காக எழுதவில்லை. டைப் அடித்துக் கொடுத்தது, சின்ன வயதில் உன்னிடம் கணக்குக் கற்றுக்கொள்ள வருவாளே, அந்தப் பெண்தான். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். "அவளுக்குத் தெரியும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. மாடி அறையில் எனக்கென்று மேஜை போட்டிருப்பதாகவும், உட்கார்ந்தாலே கடல் தெரியும்படி ஜன்னலைத் தாழ்த்திக் கட்டச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அப்போதே போய் மனுவைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நியமன உத்தரவு வர நாலு வாரம் இருந்தது. வாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தால் பழையதெல்லாம் வரிசை கட்டி வருகிறது. அந்த மலை நகரத்தில் இருந்தபோது உனக்குப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. அதே வாரம் எனக்கு மாற்றல். மறுநாள் காலையில் நீ பெட்டிகளை எடுத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாய். அந்த உத்தரவை என்ன செய்தாய் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இன்று காலை வாரியச் செயலாளரிடம் போய், ஆறு மாதத்துக்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முதல் தடவை வந்தப்பவும் ஆறு மாசம்தான்னு சொன்னீங்க சார்" என்றார். அவர் நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டாம், நானே என்னை முழுசாக நம்பவில்லை. நகல் இத்துடன் இருக்கிறது. அது உன்னிடமே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மாற்றலின்போதும் நீ "பரவாயில்லைங்க" என்றுதான் சொன்னாய். நானும் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கிளம்பிவிடுவேன். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பதில் மட்டும் வேண்டாம். இத்தனை வருஷமாக எழுதாமல் விட்டதையெல்லாம் சேர்த்துத் திட்டி எழுது. ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்