அப்பா டைப் அடித்த மன்னிப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பாவை டாக்டரிடம் காட்டினேன். ஞாபகம் என்பது ஒரே வகை இல்லையாம், நடந்ததெல்லாம் ஒரு வகை, தெரிந்துவைத்த விஷயம் ஒரு வகை, கை பழகியது இன்னொரு வகையாம். இவருக்கு முதல் வகை போய்விட்டது, கை மட்டும் கடைசிவரை நிற்குமாம். மகன் ஒருவன் உண்டு என்று தெரிகிறது, அவன் ஏன் வீட்டில் இல்லை என்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் பையன் இன்னும் வேலை விட்டு வரலையா என்று கேட்கிறார். உன் பெட்டியைத் தெருவில் வீசி, நான் செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்காதே என்று கத்தியது சுத்தமாக அழிந்துபோயிற்று. முப்பத்தாறு வருஷம் என்னைப் பேசின பேச்சும் அதோடு போயிற்று. இப்போது பெட்டிப்பாம்பாக இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, நீ கொடுத்துவச்சவடி என்கிறாள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசினவர் மறந்துவிட்டார், கேட்டவள் நான் யார் சட்டையைப் பிடிப்பேன்?

எழுதி மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்று போனில் சொன்னாயே, அதற்காக ஒரு காரியம் செய்தேன். கோர்ட் வாசலில் நாற்பது வருஷம் டைப் அடித்த கைதானே என்று பழைய மெஷினைத் துடைத்து முன்னால் வைத்தேன். என் மகனை அவமானப்படுத்தித் துரத்தினேன், தப்பு என்னுடையது என்று நான் சொல்லச் சொல்ல, குனிந்துகூடப் பார்க்காமல் கடகடவென்று அடித்தார், ஒரு பிழை இல்லை. பேனாவை நீட்டினேன். டைப்பிஸ்ட் கையெழுத்துப் போடக்கூடாதும்மா, சம்பந்தப்பட்ட ஆளைக் கூட்டிட்டு வாங்க என்று, யாரோ மனு எழுத வந்தவளிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார். பிறகு தாளை உருவி ஒருமுறை படித்துவிட்டு, பெத்த பிள்ளையை இப்படிப் பண்ணியிருக்கானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன், கேட்டும் என்ன புண்ணியம், அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய ஆள் இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. மகன் உண்டு என்கிற நினைப்பும் சீக்கிரம் போய்விடும் என்கிறார் டாக்டர். உன் ரோஷம் அவர் கொடுத்ததுதான், அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதை இன்னும் யாரிடம் காட்டப்போகிறாய்?

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். முதுகு வலிக்கிறது என்றாயே, மாத்திரையை விடாதே. வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாதே. அவர் மறந்துவிடுவார், நான்தான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா